பொற்சிறகுகளின் தலைமுறை அட்டவணை

பங்குப் பதிவேடுகளைப் புரட்டுவது குருக்களாகிய நமக்கு அன்றாடப் பணி. திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பெயர், ஞானப் பெற்றோரின் பெயர் என ஒரே வரியில் ஒரு குடும்பத்தின் வரலாறு அடங்கிவிடுகிறது. ரோஜா வளர்ப்போரிடமும் இத்தகைய பதிவேடு ஒன்று உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். புதிய ரோஜா ஒன்று வெளிவரும்போது அதன் பெயரும், உருவாக்கியவர் பெயரும், ஆண்டும், பெற்றோர் யாவர் என்பதும் அதில் எழுதப்படும். ஒரே ஒரு வேற்றுமை: நம் பதிவேட்டில் தந்தையின் பெயர் முந்தும்; ரோஜாப் பதிவேட்டிலோ விதையைச் சுமந்த தாய்ச்செடியே முதலிடம் பெறும். மகரந்தம் தந்த செடி அதன் பின்னரே வரும். பெற்றோரின் பெயர் தெரியாத இடங்களில் 'பெயரிடப்படாத நாற்று' என்று எழுதி அடுத்த வரிக்குச் சென்றுவிடுவர்.

அப்பதிவேட்டின் ஒரு வரியை வாசகர்களோடு சேர்ந்து வாசிக்க விழைகிறோம். 1956-ஆம் ஆண்டு வெளிவந்த 'கோல்டன் விங்ஸ்', அதாவது 'பொற்சிறகுகள்' என்னும் மஞ்சள் புதர் ரோஜாவின் வரி அது. இதனை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மெடினா என்னும் ஊரைச் சேர்ந்த ராய் ஷெப்பர்டு. ரோஜாவின் வரலாற்றை 1954-இல் நூலாகவே எழுதியவர் அவர். ஆகவே தாம் என்ன செய்கிறோம், எதனோடு எதனைச் சேர்க்கிறோம் என்பதை நன்கு அறிந்தே அவர் செய்தார் என்று நாம் கொள்ளலாம்.

பூக்கடையில் நாம் காணும் ரோஜாவைப் போன்றதன்று இது. இதழ்கள் பெரும்பாலும் ஐந்தே. மலரோ ஓர் ஆடவரின் உள்ளங்கையை நிரப்பும் அளவினது. கந்தகத்தை நீரில் கரைத்தாற்போன்ற மெல்லிய மஞ்சள். நடுவில் செம்பழுப்பு நிறத்தில் மகரந்தக் கேசரங்கள். செடி ஆள் உயரத்திற்குப் புதராகப் படரும். பூங்காவின் ஓரத்திலும் வீட்டு வேலியருகிலும் நட்டுவிட்டால், கடுங்குளிரைத் தாங்கி, கோடையின் தொடக்கம் முதல் இலையுதிர் காலம் வரை மீண்டும் மீண்டும் பூக்கும். ஒரு மலரைக் கொய்து குவளையில் வைத்து அழகு பார்ப்பதற்கன்று, செடி முழுவதையும் தொலைவிலிருந்து பார்ப்பதற்கே இவ்வகை ரோஜாக்களை வளர்க்கிறார்கள். தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மலர் மட்டுமன்று, இலையும் தெரியும். இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையில் நாம் சொல்லப்போவதெல்லாம் அதனைச் சுற்றியதே.

இனி மஞ்சள் நிறத்திற்கு வருவோம். பழைய ஐரோப்பியத் தோட்டங்களில் வெண்மை, இளஞ்சிவப்பு, செம்மை, ஊதா கலந்த செம்மை எனப் பல வண்ண ரோஜாக்கள் இருந்தன. ஆழ்ந்த மஞ்சள் மட்டும் அவற்றோடு சேரவில்லை. கேரட்டுக்கும் சாமந்திக்கும் நிறமளிக்கும் கரோட்டினாய்டு என்னும் பொருள் அவற்றின் இதழ்களில் நிறம் காட்டும் அளவுக்கு இல்லாமையே காரணம். 1824-இல் ஜான் பார்க்ஸ் என்பவர் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்திற்காகச் சீனத்திலிருந்து வெளிர்மஞ்சள் ரோஜா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் வழித்தோன்றல்கள் அழகியவை. ஆனால் உறைபனி தாங்காதவை. மஞ்சளும் வெண்ணெயின் வெளிறிய மஞ்சளே ஒழியப் பொன்னின் மஞ்சளன்று.

பொன்னின் மஞ்சள் மேற்காசியாவில் இருந்தது. 'ரோஸா ஃபீட்டிடா' என்பது அதன் அறிவியற்பெயர். குருமடத்தில் இலத்தீன் பயின்றோர்க்கு இரண்டாம் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: 'நாற்றமடிப்பது' என்று பொருள். ஆளிவிதை எண்ணெயை ஒத்த ஒரு வாடை அம்மலருக்கு உண்டு. ரோஜா என்றாலே நறுமணம் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றலாம். இவ்வினத்தின் அடுக்கு மலர் வகையொன்றைப் பாரசீக நாட்டிலிருந்து சர் ஹென்றி வில்லாக் என்னும் ஆங்கிலத் தூதர் 1837-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 'பெர்ஷியன் எல்லோ' என்ற பெயரால் அது பரவியது. கண்டவர் அனைவரும் அந்நிறத்தை விரும்பினர். ஆனால் அச்செடி ஆண்டுக்கொரு முறையே பூத்தது. மற்ற ரோஜாக்களோடு எளிதில் கலக்கவும் மறுத்தது. அதன் மகரந்தம் பெரும்பாலும் மலட்டுத்தன்மை கொண்டது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு இப்படியே கழிந்தது. அதன் பின்னரே பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜோசப் பெர்னே-துஷே இதில் கை வைத்தார். 1859-இல் பிறந்த இவர் ரோஜாத் தொழிலாளரின் மகன். துஷே என்னும் மற்றொரு ரோஜாக் குடும்பத்துப் பெண்ணை மணந்து, அவ்வீட்டுப் பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். 1883-இல் அவர் முயற்சியைத் தொடங்கினார்.

அம்முயற்சி எத்தகையது என்பதைச் சற்று விரித்துரைப்பது நலம். தாயாகத் தெரிந்துகொண்ட செடியின் மொட்டு விரியுமுன்பே அதன் இதழ்களை நீக்க வேண்டும்; தன் மகரந்தம் தன்மேலேயே விழாதபடி கேசரங்களையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு வண்டும் காற்றும் அணுகாதவாறு மொட்டைக் காகித உறையால் மூடி, சூல்முடி பக்குவப்பட்டதும் மற்றச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். கோடையில் செய்தது இலையுதிர் காலத்தில் காயாகப் பழுக்கும், பழுத்தால். அதன் விதைகளை ஈர மணலில் குளிரூட்டி வைத்திருந்து விதைத்தால் மறு ஆண்டு சில முளைக்கும். முளைத்தவற்றுள் ஒன்று மற்றொன்றைப் போல இராது. ஒரு தாயின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே முகத்தோடு பிறப்பதில்லை அல்லவா! நூற்றுக்கணக்கில் வளர்த்துப் பூக்கவிட்டு, ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றைப் பிடுங்கி எறிவதே வழக்கம். தேறிய ஒன்றின் மொட்டுகளைக் காட்டு ரோஜாத் தண்டுகளில் ஒட்டுக்கட்டிப் பெருக்கி, பல ஆண்டுகள் சோதித்த பின்னரே விற்பனைக்கு அனுப்புவர்.

பெர்னே 'அந்த்துவான் துஷே' என்னும் செந்நிற ரோஜாவைத் தாயாக வைத்து, பெர்ஷியன் எல்லோவின் மகரந்தத்தை ஆண்டுதோறும் தடவிப் பார்த்தார். பெரும்பாலான காய்கள் வெற்றுக்காய்கள். கிடைத்த விதைகளும் மிகச் சில. 1883-இல் தொடங்கிய பணி 1900-இல் 'சொலேய் தோர்' என்னும் ரோஜாவாக வெளிவந்தது. 'பொற்கதிரவன்' என்பது இப்பெயரின் பொருள். செம்மஞ்சள் சாயல் கொண்ட பொன்னிற மலர். பதினேழு ஆண்டு உழைப்பு! இளைஞராகத் தொடங்கியவர் நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். பின்னர் 1910-இல் வெளியிட்ட 'ரேயோன் தோர்', அதாவது 'பொற்கதிர்', தெளிந்த மஞ்சளாகவே அமைந்தது. இன்று உலகத்துத் தோட்டங்களில் காணும் ஆழ்ந்த மஞ்சள், செம்மஞ்சள், தாமிர நிற ரோஜாக்களில் மிகப் பெரும்பாலானவை இவர் திறந்த வாயில் வழியே வந்தவையே.

பெர்னேக்குக் க்ளாடியுஸ், ஜோர்ஜ் என்று இரு புதல்வர். தொழிலைத் தமக்குப்பின் ஏற்று நடத்துவர் என்று அவர் நம்பியிருந்தார். முதல் உலகப் போர் இருவரையும் கொண்டுபோயிற்று. 1920-இல் அவர் வெளியிட்ட தூய மஞ்சள் ரோஜாவின் பெயர் 'க்ளாடியுஸ் பெர்னே நினைவு'. அடுத்த ஆண்டு வெளிவந்தது 'ஜோர்ஜ் பெர்னே நினைவு'. ஒரு ரோஜா விதையிலிருந்து விற்பனைக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று மேலே கண்டோம். அவ்வாறாயின் 1920-இன் ரோஜா, போர்க்காலத்திலோ அதற்குச் சற்று முன்னரோ மண்ணில் விழுந்த விதையாகவே இருந்திருக்க வேண்டும். மைந்தர் இல்லாத வீட்டில், அவர்கள் இருந்தபோது தொடங்கிய நாற்றங்காலைத் தந்தை தொடர்ந்து கவனித்து வந்தார். கல்லறைக் கல்லில் பெயர் பொறித்த தந்தையர் பலர். பதிவேட்டில் மலருக்குப் பெயரிட்ட இவரை நாம் நினைக்காமல் அந்த வரியைக் கடந்து செல்ல இயலவில்லை. அவ்வரியில் க்ளாடியுஸின் பெற்றோராகக் குறிக்கப்பட்டிருப்பவை 'கான்ஸ்தான்ஸ்' என்னும் ரோஜாவும், பெயரிடப்படாத நாற்று ஒன்றும். 1924-இல் தோட்டம் ழான் கோஜார் என்பவர் கைக்கு மாறிற்று; 1928-இல் பெர்னே மறைந்தார்.

ஆனால் பொன் மஞ்சளோடு மற்றொன்றும் சேர்ந்து வந்தது. கரும்புள்ளி நோய் என்னும் பூஞ்சண நோய் அது. இலையில் மையைத் தெளித்தாற்போலக் கரிய புள்ளிகள் தோன்றும், சுற்றிலும் மஞ்சளாகும், பின் இலை உதிரும். கோடையின் நடுவில் செடி மொட்டையாகி நிற்கும். இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாயிருந்தால்தான் இப்பூஞ்சணத்தின் வித்து உள்ளே நுழைய முடியும். ரோஸா ஃபீட்டிடா வளர்ந்த நிலங்களோ வறண்டவை. கோடையில் இலை நனைவதே அரிது. எதிரி வாராத ஊரில் மதில் எதற்கு? அச்செடி நோயை எதிர்க்கும் வலிமையின்றி அங்கே நலமாய் வாழ்ந்தது. மழையும் பனியும் ஓயாத ஐரோப்பாவுக்கு வந்ததும், தானும் வாடி, தன் பிள்ளைகளுக்கும் அந்த வலிமையின்மையைக் கொடுத்தது.

இதுகொண்டு பாரசீக ரோஜாவைப் பழிக்கும் வழக்கம் தோட்டக்கலை எழுத்தாளரிடையே உண்டு. நாம் அதை முழுதும் ஏற்க மாட்டோம். இந்நோய் ஐரோப்பாவில் பதிவானது பாரசீக மஞ்சள் வருவதற்கு முன்பே. பெல்ஜிய நாட்டு அறிஞர் மரீ-ஆன் லிபேர் என்னும் பெண்மணி 1827-இலேயே அதனை விவரித்திருக்கிறார். ஒரு கலப்பில் வந்த குறையை அடுத்த கலப்புகளில் களைந்திருக்கலாம். களையாதது வளர்த்தவர் குற்றம். கண்காட்சிப் பெட்டிகளில் ரோஜாவை எவ்வாறு வைத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்: காம்பை நறுக்கி, மலரை மட்டும் வரிசையாக அடுக்கி, அதன் வடிவுக்கும் நிறத்துக்கும் பரிசளித்தார்கள். நடுவர்கள் இலையைப் பார்க்கவே இல்லை. பார்க்காத ஒன்றை யார் தேர்ந்தெடுப்பார்? நாற்றங்காலில் நோயுற்ற நாற்றும் நல்ல மலர் தந்தால் தப்பியது. நோயற்ற நாற்று எளிய மலர் தந்தால் குப்பைக்குச் சென்றது. கந்தகப் பொடியும் பிற்காலத்துப் பூஞ்சணக் கொல்லிகளும் இப்பழக்கத்தை நீடிக்கச் செய்தன.

இன்னொரு செய்தி சிந்தைக்குரியது. இங்கிலாந்தின் பெருநகரங்களில் நிலக்கரிப் புகை சூழ்ந்திருந்த காலத்தில் ரோஜாக்களுக்கு இந்நோய் குறைவாகவே இருந்தது. புகையிலிருந்த கந்தகம் பூஞ்சணத்தை அடக்கி வைத்திருந்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. காற்று தெளியத் தெளிய, கரும்புள்ளியும் பெருகிற்று. மனிதரின் நெஞ்சை அரித்த புகையே ரோஜாவின் நலத்திற்குக் காவலாய் இருந்திருக்கிறது! புகை விலகியபோதுதான் செடியின் உண்மை நிலை வெளிப்பட்டது.

மலரை விட்டு இலையையும் நோக்கியவர்கள் சிலர் இருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் கோர்டஸ். 1914-இல் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் ரோஜாத் தொழில் செய்துகொண்டிருந்தார். எதிரி நாட்டவர் என்பதால் மேன் தீவின் முகாமில் அடைக்கப்பட்டார். பெர்னேயின் மைந்தரைப் பலிகொண்ட அதே போரில், எதிர்ப்பக்கத்தைச் சேர்ந்த இந்த இளைஞர் முள்வேலிக்குள் இனக்கலப்பு அறிவியலைக் கற்றார். விடுதலையாகி நாடு திரும்பியவர், குளிரையும் நோயையும் தாங்கும் காட்டினங்களைத் தோட்டத்து ரோஜாக்களோடு கலக்கத் தொடங்கினார். 1937-இல் அவர் வெளியிட்ட 'ஃப்ரூலிங்ஸ்கோல்டு', அதாவது 'வசந்தப் பொன்', ஆளுக்கு மேல் வளர்ந்து வில்போல் வளையும் மஞ்சள் புதர் ரோஜா. அதன் தாய் 'ஜோவன்னா ஹில்' என்னும் அமெரிக்க ரோஜா. அதன் முன்னோருள் பெர்னேயின் 'சன்பர்ஸ்ட்' ஒன்று. தந்தையோ 'ஸ்பைனோசிஸிமா' என்னும் முட்செறிந்த காட்டினம். ஆக, மைந்தரை இழந்த பிரெஞ்சுக்காரரின் மஞ்சள், சிறையிருந்த ஜெர்மானியரின் தோட்டத்தில் தழைத்தது. குறை ஒன்றே: காட்டு இரத்தம் மிகுந்தால் ஆண்டுக்கொரு முறையே பூக்கும் இயல்பும் திரும்பிவிடும். வசந்தப் பொன் பெயருக்கேற்ப வசந்தத்தோடு முடிந்துவிடும்.

இப்போது ஷெப்பர்டின் வரிக்குத் திரும்பலாம். பொற்சிறகுகளின் தந்தை வழியில் நிற்பவை இரண்டு. ஒன்று, ஆசியாவின் அல்தாய் மலைகளின் பெயர் தாங்கிய ஸ்பைனோசிஸிமா வகை. சைபீரியக் குளிரைக் கண்டது. தோட்டத்து ரோஜாக்களைப் போலவே இதற்கும் இனக்கீற்றுகள் 28; பெரும்பாலான காட்டு ரோஜாக்களுக்கு 14-தான். எண்ணிக்கை ஒத்துப்போவதால் கலப்பு எளிதாயிற்று. மற்றொன்று, ஹாலந்தின் டோரன்போஸ் உருவாக்கிய 'ஆர்மிஸ்டன் ராய்'. அதன் வழியே வடசீனத்து மஞ்சள் காட்டு ரோஜாவின் இரத்தம் வந்து சேர்ந்தது.

தாயின் பெயர்தான் நம்மை நிறுத்தியது. 'சேர் தெரேஸ்': 'சகோதரி தெரேசா'. பிரான்சில் ஃபிரான்சுவா ஜியோ என்பவர் 1930-களின் தொடக்கத்தில் வெளியிட்ட மஞ்சள் ரோஜா அது. லிசியே நகரக் கார்மேல் மடத்தில் 1897-இல் மறைந்து, 1925-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட சிறுமலர் தெரேசாவையும், அவர் பொழிவதாக வாக்களித்த ரோஜா மாரியையும் அறிந்த நம் வாசகர்கள், அக்காலப் பிரான்சில் இப்பெயரைக் கேட்ட எவருக்கும் யார் நினைவு வந்திருக்கும் என்பதைத் தாமே உணர்வர். இந்தச் சகோதரி தெரேசாவின் பெற்றோர் யாவர் என்று பதிவேட்டில் ஒரு படி மேலேறிப் பார்த்தோம். மகரந்தம் தந்த தந்தையாக எழுதப்பட்டிருந்த பெயர்: 'க்ளாடியுஸ் பெர்னே நினைவு'.

ஆகவே பொற்சிறகுகளின் தலைமுறை இப்படி அமைகிறது. பாரசீகத்து நாறும் மஞ்சளிலிருந்து பொற்கதிரவன், பொற்கதிரவனிலிருந்து பொற்கதிர், அதன் மகள் கான்ஸ்தான்ஸ், அதனிடமிருந்து மாண்ட மைந்தனின் பெயர் கொண்ட க்ளாடியுஸ், க்ளாடியுஸிடமிருந்து சகோதரி தெரேசா, தெரேசாவிடமிருந்து, சைபீரிய மலைக்காற்றும் கலந்து, பொற்சிறகுகள். மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பலிபீடத்தில் வாசிக்கும்போது மக்கள் பொறுமையிழந்து கால் மாற்றி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பெயர்களுக்குள் எத்தனை வீடுகளின் இன்ப துன்பம் அடங்கியிருக்கிறது என்று அவர்களுக்கு விளக்க இனி நமக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கிடைத்தது.

ஷெப்பர்டு ஐந்திதழோடு நிறைவு கொண்டது சிறிய செயலன்று. அடுக்கடுக்கான இதழ்களையே அன்றைய சந்தை கேட்டது. அவரோ எளிய மலரை ஏற்றுக்கொண்டு, குளிர் தாங்கும் உடலையும் விடாது பூக்கும் இயல்பையும் தேர்ந்தார். அமெரிக்க ரோஜாச் சங்கம் 1958-இல் அதற்குத் தங்கப் பதக்கச் சான்றிதழ் அளித்தது. நோய் முழுதும் நீங்கிவிட்டதா என்றால் இல்லை. ஈரம் மிகுந்த இடங்களில் பொற்சிறகுகளின் இலையிலும் கரும்புள்ளி தோன்றுவதுண்டு. பாரசீகப் பாட்டியின் பங்கு அவ்வளவு எளிதில் கரைந்துபோவதில்லை.

அப்போரைப் பின்னர் கையில் எடுத்தவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து வில்லியம் ராட்லர். நோயுற்ற இலைகளைத் திரட்டி, அரைத்துப் பொடியாக்கி, தம் நாற்றுகளின்மேல் தாமே தூவினார். இலை காயாதபடி மேலிருந்து நீரும் தெளித்தார். மருந்து எதுவும் அடிக்கவில்லை. பிழைத்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். முன்னோர் நோயை மறைத்து மலரைத் தேர்ந்தனர். இவர் நோயை வலிய அழைத்து இலையைத் தேர்ந்தார். 2000-இல் வெளிவந்த அவருடைய 'நாக் அவுட்' என்னும் செந்நிறப் புதர் ரோஜா அமெரிக்கச் சாலையோரங்களை நிறைத்தது. அடுத்த ஆண்டே 'கேர்ஃப்ரீ சன்ஷைன்' என்னும் மஞ்சள் புதரையும் அவர் தந்தார். பின்னர் வந்த 'சன்னி நாக் அவுட்' மஞ்சளாக விரிந்து, வெயிலில் பாலேட்டின் நிறத்துக்கு வெளிறும். இலை நலமாயிருக்க வேண்டும், மஞ்சளும் வெளிறாதிருக்க வேண்டும் என்னும் வழக்கு இன்னும் நாற்றங்கால்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பொற்சிறகுகளுக்கும் பிள்ளைகள் உண்டு. இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் 1980-களில் 'விண்ட்ரஷ்' என்னும் வெளிர்மஞ்சள் புதர் ரோஜாவை வெளியிட்டார். அதன் தந்தை வழியில் 'கேன்டர்பரி'யும் கோல்டன் விங்ஸும் இணைந்து நிற்கின்றன. தாயின் இடத்தில் எழுதப்பட்டிருப்பது: பெயரிடப்படாத நாற்று.